நுரை தடித்த சப்பாத்து வன்னித் தரைக்குச் சரிவருமா?

கனகராயன்குளத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கனடாவில் இருந்து அக்கா வருகிறாராம், வரும்போது ஓட்டச் சப்பாத்து ஒரு சோடி கொண்டுவரச் சொல்லலாமாம். குளக்கட்டு, கிரவல் றோட்டு, காட்டுப்பாதை, ஆறு கடக்கிற இடம் என்று எல்லாத் தரையிலும் ஓடுகிறார். எடை 78 கிலோ. காலையில் எழும்பி நிலத்தில் கால் வைத்தால் குதி குத்துகிறது. அடுத்த வருடம் நக்கிள்ஸ் பக்கம் ஒரு மலையோட்டத்துக்குப் போகவும் ஆசை. கூட ஓடுபவர்கள் எல்லாரும் ஹோகா கொம்பனி செய்வது மாதிரி அடியில் தடித்த நுரை உள்ளதை வாங்கச் சொல்கிறார்கள், கல்லும் வேரும் உள்ள தரைக்கு அது சரிவருமா என்பதுதான் கேள்வி.

தம்பி, நுரை உங்களுக்கு வேண்டும். ஆனால் அவர்கள் சொல்கிற அளவு உயரம் வேண்டாம். குதிப்பக்கம் 28 முதல் 33 மில்லிமீற்றர் வரை, அடி அகலமாக, கையால் முறுக்கினால் இலகுவில் முறுகாமல், முன்பாதத்துக்குக் கீழே கல்லைத் தடுக்கும் தகடு வைத்து, அடி றப்பரில் 4 அல்லது 5 மில்லிமீற்றர் பல்லோடு வருகிற சப்பாத்துத்தான் உங்கள் தரைக்கு என் தெரிவு. 40 மில்லிமீற்றரில் வருவதெல்லாம் கூடாத சப்பாத்து என்று நான் சொல்லவில்லை. ஏ9 நெடுஞ்சாலை ஓரத்திலும் நல்ல கிரவலிலும் நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு அவை கால் நோவைக் குறைத்துத் தரும். நீங்கள் சொல்கிற தரை அது இல்லை. அதனால்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வன்னி தட்டை நிலம்தானே, அங்கே என்ன கடினம் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். எங்கே காலை வைப்பது என்று ஒவ்வொரு எட்டுக்கும் பார்க்க வேண்டியிருந்தால் அது கடினமான தரைதான், அதற்கு மலை தேவையில்லை. காலபோக வெட்டு முடிந்ததும் மாடுகளை வயலுக்குள் விடுவார்கள். ஈரம் வற்றாத மண்ணில் பதிந்த குளம்படி அடுத்து வருகிற வெயிலில் அப்படியே இறுகிப்போகும். நாலு விரல் அகலம், மூன்று விரல் ஆழம், விளிம்பு கூர். அதன் மேல் வெட்டின நெல்லின் அடித்தாள் சாய்ந்து கிடப்பதால் குழி கண்ணுக்குத் தெரியாது. முன்பாதத்தின் உட்பக்கம் விளிம்பில் ஏறும், வெளிப்பக்கம் குழிக்குள் இறங்கும். கால் பிரளுவது இப்படித்தான். பங்குனி, சித்திரையில் வரம்பை விட்டு வயலுக்குக் குறுக்கே ஓடுகிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கிரவல் றோட்டின் தொல்லை வேறு. போட்ட புதிதில் நன்றாக இருக்கும். ஒரு மாரி கழிந்தால் மேலே இருந்த மண் கழுவுப்பட்டுப் போய்விடும். இறுகின அடித்தளத்தின் மேல் உருண்டைக் கல்லுகள் தனித்தனியாகக் கிடக்கும், கால் பட்டால் உருளும். டிப்பர் ஓடுகிற றோட்டென்றால் குறுக்கே அலையலையாக மேடும் பள்ளமும் வேறு. குளக்கட்டின் மேல்பக்கம் ஓட நல்ல இடம், அலைகரைப் பக்கம் இறங்கினால் அடுக்கின கல்லு. காட்டுப்பாதையில் வீரை, பாலை மரங்களின் வேர் பாதைக்குக் குறுக்கே ஓடும், அதன் மேல் சருகு மூடியிருக்கும்.

தரையைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சப்பாத்துகளின் விளம்பரங்களில் பாதையை விட்டு விலகி, பற்றைக்குள்ளால் புகுந்து ஓடுவார்கள். வன்னியில் அதைச் செய்யவே வேண்டாம். கண்ணிவெடி அகற்றுகிற வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகை கண்டால் திரும்புங்கள், பலகை இல்லாத இடத்திலும் ஆட்களும் மாடும் நாளாந்தம் போய்வருகிற தடத்தை விட்டு இறங்காதீர்கள். பலகை விழுந்திருக்கலாம், மழைவெள்ளம் மண்ணை அரித்து எதையும் இடம் மாற்றியிருக்கலாம். யானை நடமாடுகிற பக்கம் என்றால் நல்லாக வெளிச்சம் வந்த பிறகு ஓடுங்கள், தனியே ஓடாதீர்கள்.

இனி உயரத்துக்கு வருவோம். தடித்த நுரை சின்னக் கல்லை விழுங்கிவிடும். கோலிக்குண்டு அளவுக் கல்லு 35 மில்லிமீற்றர் நுரைக்குக் கீழே போனால் உங்கள் பாதத்துக்கு அது தெரியவே தெரியாது. கிரவலில் அது பெரிய சுகம், நுரையை விரும்புகிறவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் நுரையால் விழுங்க முடியாத பெரிய கல்லிலோ குளம்படி விளிம்பிலோ மிதித்தால் கதை மாறும். நுரை ஒரு பக்கம் மட்டும் நசியும், மறுபக்கம் நசியாது. தரை ஏற்கனவே சரிந்திருக்க, சப்பாத்து அந்தச் சரிவைக் கூட்டும். பாதம் நிலத்தில் இருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அவ்வளவுக்குக் கணுக்காலைத் திருப்புகிற விசையும் கூடும். வைக்கோலை உயரமாக ஏற்றின உழவு இயந்திரப் பெட்டி வயல் பாதையில் எப்படி ஆடும் என்று பார்த்திருப்பீர்கள். அதே பாதையில் பாதி உயரம் ஏற்றின பெட்டி ஆடாமல் போகும். பெட்டியின் சில்லு அகலமாக இருந்தால் கூடுதல் உயரமும் தாங்கும். சப்பாத்திலும் கணக்கு அதேதான், உயரத்தைத் தனியே பார்க்காமல் அடியின் அகலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே அக்கா கடையில் நிற்கும்போது காணொளியில் எடுத்து, இந்த மூன்றையும் செய்யச் சொல்லுங்கள். முதலில், சப்பாத்தைக் கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும். நுரை மேலே பாதம் இருக்கிற இடத்தை விடக் கீழே நிலத்தில் அகலமாக விரிந்திருக்க வேண்டும். நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கக் கூடாது. இரண்டாவது, ஒரு கையால் குதியையும் மறு கையால் முன்பக்கத்தையும் பிடித்து ஈரத்துணி பிழிவது போல முறுக்க வேண்டும். கொஞ்சம் முறுகி நின்றால் நல்லது. அடி பக்கவாட்டாகத் திரும்பிவிட்டால் அது றோட்டுச் சப்பாத்தின் குணம், நமக்கு வேண்டாம். மூன்றாவது, குதியின் பின்சுவரைப் பெருவிரலால் அழுத்த வேண்டும். அது உள்ளே மடியாமல் எதிர்த்து நிற்க வேண்டும். பாதம் நுரையின் மேலே நிற்காமல் நுரைக்குள்ளே கொஞ்சம் இறங்கி உட்காருகிற மாதிரி, ஓரங்கள் எழும்பி இருந்தால் இன்னும் நல்லது. உயரமான சப்பாத்திலும் இந்த அமைப்பு இருந்தால் ஆட்டம் குறையும்.

பெட்டியில் எழுதியிருக்கிற உயரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஒரு கொம்பனி உள்ளே போடுகிற இன்சோலையும் சேர்த்து அளக்கும், இன்னொன்று சேர்க்காது. ஐந்து மில்லிமீற்றர் வித்தியாசம் அதிலேயே வந்துவிடும். கையில் எடுத்துப் பார்ப்பதுதான் நிச்சயம்.

இப்போது முள்ளு. வெளிநாட்டுக்காரர் எழுதுகிற சப்பாத்து விமர்சனங்களில் இதைப் பற்றி அதிகம் இருக்காது. ஆனால் வன்னியில் ஓடுகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நுரை முள்ளை நிறுத்தாது. கல்லின் அழுத்தம் பரந்து வருவதால் நுரை அதைத் தாங்கும். உடைமர முள்ளும் இலந்தை முள்ளும் ஒரே புள்ளியில் வரும். அடியில் றப்பர் மூடின இடத்தில் பட்டால் ஓரளவு தப்பலாம். ஆனால் இப்போது வருகிற சப்பாத்துகளில் எடையைக் குறைப்பதற்காகப் பற்களுக்கு இடையிலும் நடுப்பகுதியிலும் றப்பரை வெட்டி, நுரையை வெறுமனே விட்டிருக்கிறார்கள். காய்ந்த உடை முள்ளு ஒன்று அந்த வெறும் நுரையில் ஏறினால் ஒரே மிதியில் இன்சோல் வரைக்கும் வந்துவிடும்.

முழுக்க ஏறாத முள்ளு அதை விட மோசம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பாகம் உடைந்துவிடும், நுனி நுரைக்குள் தங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்ந்து, பிறகு ஒரு நாள் றோட்டில் சாதாரணமாக ஓடும்போது உள்ளங்காலில் குத்தும். காட்டுப்பக்கம் ஓடிவிட்டு வந்தால் இன்சோலைக் கழற்றி, உள்ளே விரலைப் பாரம் கொடுக்காமல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அடியையும் வெளிச்சத்தில் பாருங்கள், கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது முள்ளுத்தான். சின்னக் குறடு ஒன்றால் பிடித்து வந்த வழியாகவே இழுங்கள். ஊசியால் கிண்டினால் இன்னும் உள்ளே போகும். குத்தின காயத்தையும் சும்மா விடாதீர்கள், மாடு திரிகிற மண் அது, ஏற்புவலி (ரெற்றனஸ்) ஊசி போட்டு எவ்வளவு காலம் என்று பாருங்கள்.

தகடு வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். கல்லுக்காகக் கண்டுபிடித்த பொருள் அது, முன்பாதத்துக்குக் கீழே றப்பருக்கும் நுரைக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்ரிக் தகடோ நெருக்கமாக நெய்த துணித் தகடோ வைத்திருப்பார்கள். முப்பது மில்லிமீற்றருக்கு மேல் நுரை இருக்கிற சப்பாத்துகளில் பெரும்பாலும் தகடு வைப்பதில்லை, நுரையே கல்லுக்குப் போதும் என்பது அவர்கள் கணக்கு. அல்ப்ஸ் மலைக்கு அந்தக் கணக்குச் சரி. முள்ளுக் காட்டுக்கு, 28 மில்லிமீற்றர் நுரையும் ஒரு தகடும் 38 மில்லிமீற்றர் வெறும் நுரையை விட மேல். தகடும் குதிப்பக்கம் இருக்காது என்பதை நினைவில் வைத்திருங்கள், அங்கே றப்பர் முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

பற்களும் றப்பரும். நம் தரை வருடத்தில் இரண்டு முகம் காட்டும். ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் ஈரம், மற்ற மாதங்களில் பெரும்பாலும் வறட்சி. காய்ந்த இறுகின தரையில் நீளமான பல்லால் பயன் இல்லை, பல்லு வளைந்து கால் தள்ளாடும், தேய்ந்தும் போகும். சேற்றில் குட்டைப் பல்லு அடைத்துக்கொள்ளும். 4, 5 மில்லிமீற்றர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். நீளத்தை விட இடைவெளி முக்கியம், பற்கள் தள்ளித் தள்ளி இருந்தால்தான் சேறு தானாக உதிரும். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியில் இந்த நியாயம் எதுவும் செல்லாது. ஈரத்தில் ஊதிப் பருத்து ஒட்டுகிற மண் அது, எந்தச் சப்பாத்துக்கும் அடியில் ஒரு கட்டி சேர்ந்துவிடும். மாரியில் அந்தப் பக்கம் றோட்டில் ஓடுங்கள்.

றப்பரில் வைப்ரம் மெகாகிரிப் என்ற பெயரை அடிக்கடி காண்பீர்கள். 1935 இல் இத்தாலிய அல்ப்ஸில் மலையேறப் போன ஆறு பேர் இறந்தார்கள். காலில் இருந்த பாதணி அந்தக் குளிருக்கும் பாறைக்கும் பொருந்தாததும் அதற்கு ஒரு காரணம். அவர்களோடு சம்பந்தப்பட்ட விற்றாலே பிரமானி என்பவர் அதன்பிறகு றப்பர் அடி செய்யத் தொடங்கி 1937 இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். அதில் இருந்து வந்த கொம்பனிதான் வைப்ரம். ஈரக் கல்லில் மெகாகிரிப் உண்மையிலேயே நன்றாகப் பிடிக்கும், நக்கிள்ஸுக்குப் போகிறீர்கள் என்றால் அதற்குக் காசு கொடுக்கலாம். ஆனால் மெத்தென்ற றப்பர் தாரில் வேகமாகத் தேயும். வீட்டில் இருந்து காட்டுப்பாதை தொடங்குகிற இடம் வரைக்கும் தார் றோட்டில் தினமும் ஓடிப் போகிறீர்கள் என்றால், அந்தத் தூரத்துக்குப் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சைக்கிளில் போங்கள். அப்புறம், குளத்து வான் பாய்கிற இடத்துக் கொங்கிறீற்றில் பாசி பிடித்திருந்தால் எந்த றப்பரும் உதவாது. அங்கே நடந்து கடப்பதுதான் ஒரே வழி.

தண்ணீர் புகாத கோர்ரெக்ஸ் வகை வேண்டவே வேண்டாம். ஆற்றில் இறங்கினால் தண்ணீர் மேல்வாயால் உள்ளே வரும், வந்தது வெளியே போகாது. வெயில் காலத்திலும் கால் அவியும். சாதாரண வலைத்துணிதான் இங்கே சரி, ஆனால் பெருவிரல் பக்கமும் ஓரங்களும் தடித்த பூச்சுப் போட்டு வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈச்சம் பற்றையும் காரை முள்ளும் துணியை இரண்டு மாதத்தில் கிழித்துவிடும். பருத்திக் காலுறை வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் போடவைக்கும். முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் ஓடுவதென்றால் கணுக்காலைச் சுற்றிக் கட்டுகிற மெல்லிய உறை ஒன்றையும் அக்காவிடம் சொல்லலாம்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான நுரை ஈவிஏ என்ற பொருளால் செய்தது, சூட்டில் அது இளகும். கடையில் குளிரூட்டிக்குள் அழுத்திப் பார்த்தபோது இருந்த இறுக்கம் நம் ஊர் மத்தியான வெயிலில் இருக்காது. அதனால் கடையில் பஞ்சு மாதிரி மெதுவாக இருப்பதை விட, கொஞ்சம் இறுக்கமாகத் தோன்றுகிறதை எடுப்பதுதான் உங்கள் எடைக்கு நல்லது. மூடின வான் வண்டிக்குள்ளோ தகரக் கூரைக்கு மேலேயோ காய வைக்காதீர்கள், நுரை சுருங்கும், ஒட்டு விடும். உள்ளே பழைய பேப்பரை உருட்டி அடைத்து நிழலில் வைத்தால் விடிய முன்னம் காய்ந்துவிடும்.

உங்கள் குதி நோவுக்கு வருகிறேன். காலையில் முதல் எட்டு வைக்கும்போது குத்தி, நடக்க நடக்கக் குறைவது உள்ளங்காலின் அடிநார் நொந்திருப்பதன் வழக்கமான அடையாளம். சப்பாத்தின் குதி மெத்தென்று இருந்தால் சரியாகிவிடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மிகவும் மெத்தென்ற அடி பாதத்தை உள்ளே சரியவிட்டு அந்த நாரை இன்னும் இழுக்கவும் கூடும். நடுப்பகுதி உறுதியாக, குதி முன்பாதத்தை விட 6 முதல் 8 மில்லிமீற்றர் உயரமாக இருந்தால் கெண்டைக்காலுக்கும் குதிநாருக்கும் இழுவை குறையும். குதியும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கிற சப்பாத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். சப்பாத்து மருந்து இல்லை, பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோவிடம் ஒருமுறை காட்டுங்கள்.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். புரூக்ஸ் கஸ்கேடியாவைத்தான் நான் உங்களுக்கு முதலில் சொல்வேன். பல பதிப்புகளில் 8 மில்லிமீற்றர் குதி உயர்வு, கல் தகடு, ஆட்டம் இல்லாத அடி. வேகமான சப்பாத்து இல்லை, உங்களுக்கு அது தேவையும் இல்லை. சோக்கனி பெரக்ரின் பாரம் குறைந்தது, 5 மில்லிமீற்றர் பல்லும், பல பதிப்புகளில் தகடும் உள்ளது. குதி நோ இல்லாதிருந்தால் அதையே முதலில் எழுதியிருப்பேன், ஆனால் குதி உயர்வு 4 தான். ஹோகா ஸ்பீட்கோட், உங்கள் கூட்டாளிகள் சொல்வது, 5 மில்லிமீற்றர் பல்லும் மெகாகிரிப்பும் உள்ள நல்ல சப்பாத்து. ஆறாவது பதிப்பின் குதி ஏறக்குறைய 40 மில்லிமீற்றர், தகடு இல்லை. மலைநாட்டில் பொருந்தும், உடைக் காட்டில் எனக்கு நம்பிக்கை குறைவு. அல்ட்ரா லோன் பீக் விரல் விரிய இடம் தரும், ஆனால் அதுதான் நான் வேண்டாம் என்று சொன்ன சமமட்டச் சப்பாத்து. சலமன் ஸ்பீட்குரொஸ் சேற்றுக்குப் பேர்போனது, காய்ந்த கல்லில் ஒடுங்கலாகவும் உயரமாகவும் நிற்கும். லா ஸ்போர்டிவா புஷிடோ நான் சொன்னவற்றுள் கல்லில் மிக உறுதியானது, ஆனால் நுரை குறைவு, உங்கள் எடைக்கும் தூரத்துக்கும் கால் நோகும். ஒவ்வொரு வருடமும் பதிப்பு மாறும், உயரமும் கூடிக்கொண்டே போகிறது. அதனால் கழிவு விலையில் முந்தின பதிப்புக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம், காசும் மிச்சம், பெரும்பாலும் உயரமும் குறைவு.

அளவுதான் தூரத்தில் இருந்து வாங்குவதில் பெரிய சிக்கல். ஓடி முடித்த பின்னேரம், கால் வீங்கியிருக்கும்போது, சுவரோடு குதியை ஒட்டி ஒரு தாளில் நின்று இரண்டு பாதத்தையும் கீறுங்கள். நீளத்தையும் விரலடியில் அகலத்தையும் சென்ரிமீற்றரில் எழுதுங்கள். பெரிய காலை வைத்துத்தான் அளவு. மிக நீண்ட விரலுக்கு முன்னால் பெருவிரல் அகலம் இடைவெளி வேண்டும். யூகே, யூஎஸ் இலக்கம் கொம்பனிக்குக் கொம்பனி மாறும், பெட்டியில் சென்ரிமீற்றர் இலக்கமும் இருக்கும், அதைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன வயதில் இருந்து செருப்போடும் வெறுங்காலோடும் திரிந்த நமக்கு முன்பாதம் விரிந்துதான் இருக்கும், அகலப் பதிப்பு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். கஸ்கேடியாவில் பல பதிப்புகளுக்கு அது வருகிறது. நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சமாளிக்கப் பார்த்தால் குதி உள்ளே வழுக்கும். கொஞ்சம் வழுக்கினால், மேலே கடைசியில் இருக்கிற இரண்டாவது துளையில் லேஸைக் கோர்த்து ஒரு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள்ளால் எடுத்து இழுத்துக் கட்டுங்கள், குதி பிடிபடும்.

பொதுவாக 500 முதல் 800 கிலோமீற்றர் வரை ஒரு சோடி தாங்கும். கிரவலிலும் உங்கள் எடையிலும் குறைந்த பக்கத்தை எதிர்பாருங்கள். பல்லு தேய்வதற்கு முன்னம் நுரை செத்துவிடும், பக்கச்சுவரில் கிடையாகச் சுருக்கக் கோடு விழுந்து பெருவிரலால் அழுத்தினாலும் எழும்பாமல் இருந்தால் அதுதான் அடையாளம். அக்காவின் பெட்டியில் இடம் இருந்தால் ஒரே மாதிரி இரண்டு சோடி கேளுங்கள். மாறி மாறிப் போட்டால் மாரியில் ஒன்று காய நேரம் கிடைக்கும்.